செங்கோட்டைக் கணவாய் வழியே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லத்துக்குச் செல்லும் கணவாய்ப் பாதையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். விடுதி வாடகை பற்றிய கேள்விகளை விலக்கிவிட்டேன். குற்றாலச் சீசனில் காலையில் சொன்ன வாடகை மாலையில் நிற்பதில்லை என்பதால், அதை அச்சில் ஏற்றி யாருக்கும் பயனில்லை.

ஐயா, ஆடி மாதத்தில் குற்றாலம் செல்வது எங்கள் குடும்ப வழக்கம். இம்முறை மலையைத் தாண்டித் தென்மலை வரை செல்ல எண்ணுகிறோம். இரு பக்கமும் நன்றாக அமையும் மாதம் எது?
– ஒரு வாசகி, விருதுநகர்

இரு பக்கமும் ஒரே அளவில் நன்றாக அமையும் மாதம் என்று ஒன்று கிடையாது, அம்மா. இந்தப் பாதையில் திட்டமிடத் தொடங்குவோர் முதலில் இதை மனத்தில் கொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் போல நின்றாலும், பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடங்களில் அந்தச் சுவரில் திறப்பு இருக்கிறது. செங்கோட்டையில் உள்ள திறப்பு பாலக்காட்டைப் போல அகலமானதன்று. வடக்கே பெரியாறு மலைகளும் தெற்கே அகத்தியர் மலைத் தொகுதியும் நெருங்கி நிற்க, நடுவில் சில நூறு மீட்டர் உயரத்திலேயே கடந்துவிடக்கூடிய ஒரு தாழ்ந்த வாசல் அது. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது, ஈரத்தின் பெரும்பகுதியைக் கேரளச் சரிவில் கொட்டிவிட்டு, மீதத்தை இந்த வாசல் வழியாகக் கிழக்கே தள்ளுகிறது. அந்த மீதம்தான் செங்கோட்டையிலும் தென்காசியிலும் குற்றாலத்திலும் நாம் கொண்டாடும் சாரல். அதே காற்றின் வேகத்தை நம்பித்தான் தென்காசிச் சமவெளியில் காற்றாலைகளும் நிற்கின்றன.

எனவே ஆடியில் நீங்கள் குற்றாலத்தில் இளவெயிலும் பூந்தூறலுமாக நனைந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் அடைமழை பெய்துகொண்டிருக்கக்கூடும். அருவிகளுக்கு அது உகந்த காலம். படகுச் சவாரிக்கும் காட்டு நடைக்கும் அன்று. கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டவுடன் கேரள வனத்துறை முதலில் நிறுத்துவது இவை இரண்டையும்தான். ஆடியை விட்டால் வேறு மாதம் வாய்க்காது என்றால், தங்குவதைத் தமிழகப் பக்கம் வைத்துக்கொண்டு, மழை சற்று வெறித்த நாளில் காலையில் புறப்பட்டுத் தென்மலை சென்று மாலைக்குள் திரும்பிவிடுவதே நல்லது.

மாதத்தை மாற்றிக்கொள்ள இயலுமானால், ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரையிலான காலத்தைப் பரிந்துரைப்பேன். மழையின் மூர்க்கம் தணிந்திருக்கும்; அருவிகளில் தண்ணீர் வற்றியிராது; பள்ளிகள் நடப்பதால் கூட்டமும் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவைத் தாக்கும் காலம். அருவிகளில் அப்போது தண்ணீருக்குக் குறைவிருக்காது, ஆனால் வெள்ளம் காரணமாகக் குளிக்கத் தடை விதிக்கப்படும் நாட்களும் அதிகம். கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் சேர்ந்துவிடும்.

பிப்ரவரிக்குப் பிறகு அருவிகள் மெலிந்துவிடும், காடும் காய்ந்துவிடும். 2018 மார்ச்சில் போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, கோடையில் மலையேற்ற அனுமதி விஷயத்தில் கெடுபிடி கூடியிருக்கிறது. அது முற்றிலும் நியாயமானதே.

ரயிலில் சென்றால் மலைக்காட்சி நன்றாகத் தெரியுமா? எந்த ரயிலில் ஏற வேண்டும்? பாலருவி எக்ஸ்பிரஸ் என்று ஒரு ரயில் இருப்பதாக அறிகிறேன்.
– ஒரு வாசகர், தாம்பரம்

பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பாலருவி எக்ஸ்பிரஸ் இந்த மலைப்பகுதியை இரு திசையிலும் இரவில்தான் கடக்கிறது. அருவியின் பெயரைச் சூட்டிய ரயிலிலிருந்து இருட்டைத் தவிர எதையும் காண இயலாது. உங்களுக்கு ஏற்றது சென்னை எழும்பூர் – கொல்லம் விரைவு ரயில். மாலையில் சென்னையில் புறப்படும் அது அதிகாலையில் செங்கோட்டையை அடைந்து, பொழுது புலரும் வேளையில் மலை ஏறும். திரும்பும் வண்டி கொல்லத்தில் நண்பகலில் புறப்படுவதால், பிற்பகல் வெளிச்சத்தில் மலையைக் கடக்கும். காட்சிக்காக மட்டும் செல்வதானால் திரும்பும் வண்டியே மேல். குளிர்காலத்தில் காலை வண்டி மலையில் பாதித் தொலைவை இருட்டிலேயே கடந்துவிட வாய்ப்புண்டு. நேர அட்டவணை மாறக்கூடியது என்பதால் முன்பதிவின்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடத்தின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு சன்னலோரம் அமர்ந்தால் பயணம் இன்னும் சுவையாக இருக்கும். திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சென்னை மாகாணத்தோடு இணைத்த கொல்லம் – செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. செங்கோட்டையும் அப்போது திருவிதாங்கூருக்குள் இருந்த ஊர்தான். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோதே தமிழகத்துக்கு வந்தது. நூறாண்டுக்கு மேல் ஓடிய மீட்டர் கேஜ் வண்டிகள் அகலப் பாதைப் பணிக்காகப் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே 2010 செப்டம்பரில் நிறுத்தப்பட்டன. மலையில் குகைகளை அகலப்படுத்துவதும் பாலங்களை வலுப்படுத்துவதும் எளிதில் முடியவில்லை. புதிய பாதையில் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது ஆண்டு 2018 ஆகிவிட்டது.

பகவதிபுரம் நிலையத்தைத் தாண்டியதும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள மலைக்குகைக்குள் வண்டி நுழையும். தமிழகத்தில் நுழைந்து கேரளத்தில் வெளிவருகிறோம் என்பதைவிட, வறண்ட பச்சையில் நுழைந்து அடர்ந்த பச்சையில் வெளிவருகிறோம் என்பதே கண்ணுக்குப் புலனாகும். ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை என்று நிலையங்கள் வரிசையாக வரும். இங்குள்ள ஏற்றம் 37 அடிக்கு ஓரடி என்ற அளவில் செங்குத்தானது. அதனால் கூடுதல் இன்ஜின் பூட்டி, மெதுவாகவே ஓட்டுகிறார்கள். அவசரமாகக் கொல்லம் செல்ல வேண்டியவருக்கு இது தொந்தரவு. வேடிக்கை பார்ப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் ஏறிப் படம் எடுக்கலாமா? பலர் எடுத்திருக்கிறார்களே?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

கூடாது. பலர் எடுத்த படங்களில் ஒரு பகுதி, வண்டிகள் நின்றுபோயிருந்த அந்த எட்டாண்டு இடைவெளியில் எடுக்கப்பட்டவை. இப்போது அது மின்மயமாக்கப்பட்ட, வண்டிகள் ஓடும் தடம். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். வளைவில் வரும் வண்டியைக் கடைசி நேரம் வரை பார்க்கவும் முடியாது, ஒதுங்கி நிற்கப் பாலத்தில் இடமும் போதாது.

உண்மையில் அந்தப் பாலத்தின் அழகு கீழிருந்து பார்க்கும்போதுதான் தெரியும். ஒரு பக்கம் தேசிய நெடுஞ்சாலையும் மறுபக்கம் குன்றுமாக, கருங்கல் தூண்களின் மேல் பதின்மூன்று வளைவுகள் வரிசையாக நிற்பதைச் சாலையோரத்திலிருந்தே முழுமையாகப் படமெடுக்கலாம். வண்டி கடக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு அங்கே நின்றால், மேலே ஏறியவருக்குக் கிடைக்காத படம் உங்களுக்குக் கிடைக்கும்.

எழுபது வயதைக் கடந்த என் தாயாருக்கு அருவியில் குளிக்க ஆசை. குற்றாலத்துக் கூட்டத்துக்கு அஞ்சுகிறார். பாலருவிக்கு அழைத்துச் செல்லலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

அழைத்துச் செல்லலாம், ஆனால் நாளும் நேரமும் பார்த்துச் செல்லுங்கள். பாலருவி ஆரியங்காவில் இருக்கிறது. நெடுஞ்சாலையோரம் உள்ள வனத்துறைச் சாவடியில் சீட்டு வாங்கினால், அங்கிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் காட்டுக்குள் வனத்துறை வண்டியிலேயே கொண்டு விடுவார்கள். நம் வண்டிகளைச் சாலையோரமே நிறுத்திவிட வேண்டும். வண்டியை விட்டு இறங்கியபின் சற்றுத் தொலைவு நடக்க வேண்டியிருக்கும். கல்பாவிய வழியும் படிகளும் ஈரத்தில் வழுக்கும். கைத்தடியும், பிடிமானமுள்ள செருப்பும், துணைக்கு ஒருவரும் இருந்தால் உங்கள் தாயார் சமாளித்துவிடுவார்.

ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து பாறையைத் தழுவிக்கொண்டு விழும் தண்ணீர், பெயருக்கேற்ப வெள்ளையாகத்தான் தெரிகிறது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் இளைப்பாற வந்த இடம் இது. கல் மண்டபமும் குதிரை லாயத்தின் சிதைவும் இன்னும் இருக்கின்றன. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்த இடத்திலேயே நின்று தலையைக் கொடுப்பது போல இங்கே எப்போதும் செய்ய இயலாது. வரத்து மிகுந்த நாளில் அருவிக்கு நேர்கீழே விடமாட்டார்கள். கீழே ஓடும் நீரில் அமர்ந்து குளிக்கலாம். முதியவர்களுக்கு அதுவே பாதுகாப்பு என்பது என் கருத்து. கோடையில் தண்ணீர் நின்றால் நுழைவாயிலையே மூடிவிடுவார்கள். அருவிக்குச் சென்றுவரும் வழியெல்லாம் வனப்பகுதி என்பதால் பிற்பகலிலேயே சீட்டு கொடுப்பதையும் நிறுத்திவிடுவார்கள். விடுமுறை அல்லாத நாளில், காலை ஒன்பது மணியளவில் சாவடியில் இருப்பதுபோலப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? குற்றாலத்துச் சிற்றாறு கிழக்கே ஓடித் தாமிரபரணியில் சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தொலைவில் உள்ள பாலருவியின் தண்ணீரோ கல்லடையாற்றில் சேர்ந்து, அஷ்டமுடிக் காயல் வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது. இரண்டிலும் ஒரே நாளில் குளித்தவர் இரண்டு கடலுக்குச் சேர வேண்டிய தண்ணீரில் குளித்தவராகிறார்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அருவிக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும், மலைக்கு மேல் பெய்யும் மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். தண்ணீர் கலங்குவதும், சருகும் குச்சியும் சேர்ந்து வருவதும், இரைச்சல் மாறுவதும் அறிகுறிகள். காவலர் ஊதலை ஊதும்வரை காத்திருக்க வேண்டாம். எண்ணெய், சீயக்காய், சோப்பு ஆகியவற்றை விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். குற்றாலத்தில் அவற்றுக்குத் தடை உண்டு. பாலருவியில் பிளாஸ்டிக்கையும் சோதிப்பார்கள்.

பத்து வயதிலும் பதின்மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். இரண்டு நாள் தென்மலையில் தங்கினால் அவர்களுக்குப் பொழுது போகுமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

நன்றாகவே போகும். இந்தியாவில் சூழல் சுற்றுலாவுக்கென்றே திட்டமிட்டு உருவாக்கப்பட்ட முதல் இடம் என்ற பெயர் தென்மலைக்கு உண்டு. நெடுஞ்சாலைச் சந்திப்பை ஒட்டியே எல்லாம் அமைந்திருப்பதால், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. சாகசப் பகுதியில் கயிற்றுப் பாலத்தில் நடப்பது, கயிற்றில் ஆற்றைக் கடப்பது, பாறை ஏறுவது, மலைச் சைக்கிள் ஓட்டுவது போன்றவற்றைப் பயிற்சியாளர் மேற்பார்வையில் செய்யலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இவை பிடிக்கும். இளையவருக்கு மான் மறுவாழ்வு மையமும், வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும், மரங்களுக்கிடையே செல்லும் நடைபாதையும் போதும். மாலையில் இசைக்கேற்ப ஆடும் நீரூற்று இருக்கிறது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை, ஆனால் பிள்ளைகள் அதைத்தான் ஊருக்குத் திரும்பியபின் பேசுகிறார்கள்.

என்னைக் கேட்டால், முதல் நாள் காலைப் பொழுதை அணைக்கட்டுக்கு ஒதுக்குவேன். கல்லடை நீர்ப்பாசனத் திட்டத்துக்காகக் கட்டப்பட்ட பரப்பாறு அணையின் நீர்த்தேக்கம் செந்துருணி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் விரிந்து கிடக்கிறது. அங்கே வனத்துறை நடத்தும் படகுச் சவாரியில், மூழ்கிய பள்ளத்தாக்கின் மேடுகள் தீவுகளாக நிற்பதையும், தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளையும் காண வாய்ப்புண்டு. யானை தென்படும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீர் குறைந்த கோடைக் காலத்தில் விலங்குகள் கரைக்கு வரும் வாய்ப்பு அதிகம். எங்கும் ஈரமாக இருக்கும் மழைக்காலத்தில் அவை அணைக்கரைக்கு வர வேண்டிய தேவையே இல்லை.

இரண்டாம் நாளுக்கு ரோஸ்மலை. ஆரியங்காவிலிருந்து காட்டுக்குள் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் செல்லும் கரடுமுரடான வழி, ஓடைகள் குறுக்கிடும். சிறிய காரில் முயல வேண்டாம், ஜீப் அமர்த்திக்கொள்ளுங்கள். மேலே உள்ள காட்சிக் கோபுரத்திலிருந்து, முதல் நாள் நீங்கள் படகில் சென்ற அதே நீர்த்தேக்கத்தைப் பசுமையான தீவுக்கூட்டமாகக் காணலாம். படகில் சென்று பார்த்துவிட்டு மேலே ஏறிப் பார்க்கும் இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்; தாம் சென்ற வழியைப் பிள்ளைகள் மேலிருந்து விரல் நீட்டிக் காட்டும்போது அதன் பயன் தெரியும். பெரு மழை பெய்த மறுநாள் இந்த வழியைத் தவிர்த்துவிட்டு, புனலூர் வரை சென்று 1870-களில் கல்லடையாற்றின் மேல் சங்கிலியில் தொங்கவிட்டுக் கட்டப்பட்ட தொங்குபாலத்தைக் காட்டலாம். ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் வடிவமைத்த அந்தப் பாலம் இப்போது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக, நடந்து செல்வோருக்கு மட்டும் திறந்திருக்கிறது.

கணவாய்க்கு வடக்கே ஒரு வகைப் பறவையும் தெற்கே வேறு வகைப் பறவையும் வாழ்வதாகப் படித்தேன். சாலையில் சென்றே இவற்றைப் பார்க்க முடியுமா?
– ஒரு பறவை ஆர்வலர், திருநெல்வேலி

நீங்கள் படித்தது சரியே. உயரமான மலைகளின் சோலைக்காடுகளில் மட்டுமே வாழும் சிறு பறவைகளுக்கு, இந்தத் தாழ்ந்த கணவாய் கடக்க முடியாத பள்ளம். அச்சன்கோவில் பள்ளம் என்றும் ஆய்வாளர்கள் குறிப்பிடும் இந்த இடைவெளி, நில அமைப்பிலேயே பூமியின் மேலோடு பிளந்து நகர்ந்த ஒரு பழம்பெரும் பெயர்வு வலயத்தில் அமைந்திருக்கிறது. நீண்ட காலம் இரு பக்கமும் தனித்தனியே வாழ்ந்ததால், ஒரே இனமாகக் கருதப்பட்டவை வெவ்வேறு இனங்களாகிவிட்டன. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, கணவாய்க்குத் தெற்கே அசம்பு மலைகளில் மட்டும் வாழும் சோலைக்கிளியைத் தனி இனமாக அறிவித்தது. கிளி என்று பெயரில் இருந்தாலும் அது கிளியன்று. காட்டுத் தரையில் தத்தித் திரியும், நீலச் சாயலுள்ள சிறு குருவி. அசம்பு மலைச் சிரிப்பானும் அப்படித் தெற்கில் மட்டும் வாழ்வதே.

ஆனால் இவை சோலைகளின் உயரத்தில் வாழ்பவை. நெடுஞ்சாலையிலிருந்து காணக்கூடியவை அல்ல. சாலையின் உயரத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியவை வேறு, அவையும் சாதாரணமானவை அல்ல. தென்மலைக் காடுகள் தவளைவாயன் பறவைக்குப் பெயர் பெற்றவை. ஆணும் பெண்ணும் தாழ்ந்த கிளையில் ஒட்டி அமர்ந்து பகல் முழுதும் அசையாமல் உறங்கும். பக்கத்தில் நின்றாலும் காய்ந்த சருகு என்றே தோன்றும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் தேடினால் நாள் முழுதும் வீணாகும். இருவாச்சி, தீக்காக்கை, மலை அணில், கருமந்தி ஆகியவற்றைக் காணவும் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் நல்ல வாய்ப்புண்டு. அலைபேசியில் குரல்பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கத்தை, குறிப்பாகக் கூடுகட்டும் காலத்தில், அறவே விட்டுவிடுங்கள்.

1984-இல் அறிவிக்கப்பட்ட செந்துருணிச் சரணாலயம், செங்குறிஞ்சி என்ற அரிய மரத்தின் பெயரைத் தாங்கியது. அந்த மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. வனத்துறையின் வழிகாட்டியுடன் செல்லும் நடைப்பயணத்தில் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மழைக்காலமானால் அட்டைக்கடிக்கு ஆயத்தமாகச் செல்லுங்கள்: முழங்கால் வரை துணி உறையும், ஒரு பொட்டலம் உப்பும் போதும். கடித்ததைப் பிய்த்து இழுக்காமல் உப்பைத் தொட்டு வைத்தால் தானே விழுந்துவிடும்.

சிறிய பறவைக்கு இருந்த தடை யானைக்கு முன்பு இல்லை. அது பள்ளத்தில் இறங்கி அப்பால் ஏறிவிடும். இப்போது நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ரப்பர், தேயிலைத் தோட்டங்களும் குறுக்கே நிற்பதால், வடக்குத் தெற்குக் காடுகளுக்கிடையே யானைகள் போய்வருவது மிகவும் கடினமாகிவிட்டது. இரவில் இந்தச் சாலையில் செல்வோர் வேகத்தைக் குறைக்க இதுவும் ஒரு காரணம்.

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறோம். வழியில் உள்ள ஐயப்பன் கோயில்களையும் இயற்கைக் காட்சிகளையும் சேர்த்துப் பார்க்க என்ன வரிசை?
– குருசாமி ஒருவர், சிவகாசி

சாமி, செங்கோட்டையிலிருந்து புறப்பட்டால் முதலில் வருவது ஆரியங்காவு. கோயில் நெடுஞ்சாலையை ஒட்டிப் பள்ளத்தில் இருக்கிறது. மார்கழியில் இங்கே நடைபெறும் திருக்கல்யாணத்தில் புஷ்கலா தேவிக்குப் பெண் வீட்டாராக வருபவர்கள் மதுரைச் சௌராஷ்டிர சமூகத்தினர். மலைக்கு அப்பால் உள்ள கோயிலுக்கு மதுரையிலிருந்து சீர்வரிசை செல்வது, இந்தக் கணவாய் எத்தனை காலமாக வணிகர்கள் நடந்த வழி என்பதைக் காட்டுகிறது. அடுத்து தென்மலையில் இடப்புறம் திரும்பிப் பத்துக் கிலோமீட்டர் அளவில் சென்றால் குளத்துப்புழை, பால சாஸ்தா. கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில் மீன்கள் கரைக்கே வந்து பொரியை வாங்கும். அவற்றைப் பிடிப்பதில்லை என்பது அங்குள்ள மரபு.

அச்சன்கோவிலுக்குச் செங்கோட்டைப் பக்கமிருந்து மேக்கரை வழியாகத் தனி மலைச்சாலை உண்டு. அடர்ந்த காடு, குறுகிய வளைவுகள். பகலில் மட்டுமே செல்லுங்கள். மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே உள்ள அடவிநயினார் அணையை அந்த வழியிலேயே பார்த்துவிடலாம்.

மலையைத் தாண்ட நேரமில்லை. தமிழகப் பக்கத்திலேயே அரை நாளில் என்ன பார்க்கலாம்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

செங்கோட்டையை அடுத்த குண்டாறு அணைக்குச் செல்லுங்கள். சிறிய அணை, மழைக்காலத்தில் சீக்கிரமே நிரம்பி வழியும். மலை மூன்று பக்கமும் நெருங்கி நிற்கும் அந்த இடத்தில் கூட்டம் குற்றாலத்தின் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் சென்றால் தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருக்கும். அது சுற்றுலாப் பூங்கா அல்ல, உழவரின் வயல். படமெடுக்க உள்ளே இறங்குமுன் வயல்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பூவை ஒடிக்காதீர்கள். திரும்பும் வழியில் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிடலாம். மாநில எல்லை புளியரைக்கு அப்பால் போய் அறுபதாண்டுக்கு மேலாகியும், திருவிதாங்கூர்க் காலத்து எல்லையின் பெயர் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

நண்பர்கள் நால்வர் தென்காசியிலிருந்து கொல்லம் வரை சைக்கிளில் செல்ல விரும்புகிறோம். ஏற்றம் கடினமா? வேறு எச்சரிக்கை உண்டா?
– ஒரு வாசகர், இராஜபாளையம்

ஏற்றம் கடினமன்று. கொடைக்கானல், ஊட்டி போன்ற மலைச்சாலைகளில் ஏறிப் பழகியவர்களுக்கு இது ஏற்றமாகவே தோன்றாது. புளியரை தாண்டியபின் சில கிலோமீட்டர் ஏறினால் வாசலைக் கடந்துவிடலாம்; அதன்பின் தென்மலை வரை பெரும்பாலும் ஆற்றை ஒட்டிய இறக்கம். கிழக்கிலிருந்து மேற்கே செல்வதில் ஓர் இடைஞ்சல் உண்டு: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று நேர் எதிரே வரும். அந்த மாதங்களில் செல்வதானால் ரயிலில் கொல்லமோ புனலூரோ சென்று, அங்கிருந்து தென்காசியை நோக்கி ஓட்டுங்கள். ஏற்றம் சற்றுக் கூடினாலும் காற்று முதுகைத் தள்ளும்.

உண்மையான ஆபத்து லாரிகள். கேரளத்துக்குக் கல், எம்-சாண்ட், காய்கறி, சிமெண்ட் என எல்லாம் இந்த ஒரே வழியில்தான் செல்கின்றன. அங்கிருந்து செங்கோட்டை மர அறுவை ஆலைகளுக்குத் தடிகள் வருகின்றன. புளியரையை அடுத்த எஸ் வளைவில் பாரம் ஏற்றிய லாரிகள் திரும்பும்போது சாலையின் முழு அகலமும் அவற்றுக்கே போதாது. அங்கே லாரியின் உட்புறமாக நுழைந்து முந்த முயலாதீர்கள். இறங்கி ஓரமாக நின்று, அது கடந்தபின் செல்லுங்கள். வண்டிகள் குறைவாக இருக்கும் ஞாயிறு காலையில், விடிந்த உடனே செங்கோட்டையை விட்டுப் புறப்பட்டால் எட்டு மணிக்குள் ஆரியங்காவில் தேநீர் குடிக்கலாம். மழைக்காலமானால் பின்சக்கரத்துக்கு மண்காப்பு, சிவப்பு விளக்கு, நால்வருக்கும் ஒளிரும் மேலுடை ஆகியவை கட்டாயம். பிரேக் கட்டைகளைத் தென்காசியிலேயே புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். ஈரமான இறக்கத்தில் பழைய கட்டை பிடிக்காது, ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் இடையே சைக்கிள் கடையை நம்பிச் செல்வதும் நல்லதல்ல.